ஈரத் தரையின் சாட்சி

நாலாக வெட்டிய பிறகுதான் பச்சை மை கண்ணில் பட்டது. பச்சை மை என்றால் பெரிய டாக்டரம்மா, இந்த ஆஸ்பத்திரியில் பச்சையில் எழுதுகிற கை ஒன்றே ஒன்றுதான், மற்ற எல்லோரும் நீலம், மருந்து கொடுக்கிற கோவிந்தராசு அண்ணன் மட்டும் சிவப்பு. என் கையில் பிளேடு அப்படியே நின்றது. வெட்டும்போது நான் எழுத்தைப் பார்ப்பதில்லை, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி கவிழ்த்து அடுக்கி, அடி ஸ்கேலை வைத்து அழுத்தி, ஆக்சா பிளேடால் குறுக்கே ஒரு கீறு, நெடுக்கே ஒரு கீறு, எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கை ஓடாது, அஞ்சாவது வரைக்கும் படித்தவளுக்கு எழுத்து ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கூட்டிப் படித்து முடிக்காமல் விட மனசு வராது. அதனால் கவிழ்த்துத்தான் வெட்டுவது. மாத்திரை மடிக்கக் கவர் வராத மாதங்களில் இப்படித்தான், டாக்டரம்மாவே சொல்லி வைத்த ஏற்பாடு, நோயாளி பேர் இல்லாத தாளாக, ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தால் குப்பையில் போடக் கூடாது, அவங்க மேஜைக்குக் கீழே இருக்கிற அட்டைப் பெட்டியில் போட வேண்டும், வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருக்கிற பீரோ அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து வெட்ட வேண்டும். நாலு அடுக்கு விழும். அதில் ஒரு அடுக்கை இப்போதுதான் அமலி அக்கா வாரிக்கொண்டு போனாள், வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது, அண்ணன் கத்துகிறார், நீ பூ கட்டுற மாதிரி வெட்டிக்கிட்டு உக்காந்திரு என்று சொல்லிவிட்டுப் போனாள். மிச்சம் மூன்று அடுக்கையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் மேலாகப் பச்சை. அப்படியென்றால் நாலாவது பச்சை மருந்து கொடுக்கிற இடத்துக்குப் போய்விட்டது.

மூன்று துண்டையும் தரையில் சேர்த்து வைத்தேன், உடைந்த தட்டைச் சேர்த்துப் பார்க்கிற மாதிரி. படிக்கக் கூடாது என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே படித்தேன். மேலே அச்சில், பொறுப்பில் இருப்போருக்கான மனப் பயிற்சி, ஆறாம் வாரம், நான்கு கட்டங்களையும் நீங்களே நிரப்புங்கள், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்று போட்டிருந்தது. யாரிடமும் காட்ட வேண்டியதில்லை என்பதை எழுத்துக் கூட்டி முடிக்கும்போது எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தத் தாள் வருகிற புத்தகத்தை நான் தினமும் துடைத்திருக்கிறேன், மேலே இருந்து அனுப்பியது, ஊர் ஊருக்கு ஆஸ்பத்திரித் தலைவர்களுக்கெல்லாம் ஒன்று வந்ததாம், வேலை பார்த்துப் பார்த்து ஓய்ந்து போய்விடுகிறார்களாம், வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு யார் டாக்டர் என்று அமலி அக்கா சிரித்தாள், அவங்களே அவங்களுக்கு மருந்து எழுதிக்கணுமாம்டீ என்றாள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் டாக்டரம்மா கார் வந்து நின்ற பிறகும் இறங்காமல் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை முன் வாசல் பெருக்குகிற நான்தான் பார்க்கிறேன், முதலில் ரெண்டு நிமிஷம், பிறகு அஞ்சு, இந்த மாதம் பத்து, வண்டி ஓட்டுகிறவர் இறங்கி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டீயை வைத்தால் ஏடு படிந்து அப்படியே இருக்கும். போனைக் கவிழ்த்துதான் வைப்பாங்க, அது அதிர்ந்தால் அவங்க தோள் ரெண்டும் மேலே ஏறி இறங்கும், குழந்தைக்கு ஊசி போடும்போது குழந்தை செய்கிற மாதிரி. அவ்வளவு பெரிய மனுசிக்கு, ஒரு கையெழுத்தில் ஒரு ஆளை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவங்களுக்கு, போன் பயம். எனக்கும் போன் பயம்தான். நானும் அவங்களும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு ஒரே அறையில், அவங்க நாற்காலியில், நான் தரையில்.

முதல் கட்டத்துக்கு மேலே நடந்தது என்று அச்சில் இருந்தது, அதற்குக் கீழே பச்சையில் செண்பகம் என்று ஒரு பேர். அந்தப் பேரைப் பார்த்ததும் எனக்குப் பினாயில் வாடை வந்தது, இங்கே இல்லை, அன்றைக்கு வந்த வாடை. பேருக்குக் கீழே அவங்க எழுத்தில், மாசி மாதம், பிரசவம் முடிந்து நாலு மணி நேரம் கழித்து வார்டில் ரத்தப்போக்கு, நான் காணொளிக் கூட்டத்தில், சிஸ்டர் வந்து கூப்பிட்டார், ரெண்டு நிமிஷம் என்றேன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டம், உடனே வந்த நினைப்பு. நான் போகும்போது அவள் ஏற்கெனவே ஆபரேஷன் தியேட்டர் மேஜையில் கிடந்தாள், எனக்காக அவள் காத்திருந்தாள், நான் தாமதம், நான்தான் கொன்றேன், இந்த நாற்காலிக்கு நான் லாயக்கில்லை. எழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடியது, மற்ற நேரம் அவங்க எழுத்து முத்து முத்தாக இருக்கும். நான்தான் கொன்றேன் என்று ஒரு டாக்டர் பச்சை மையில் எழுதியிருக்கிறதை ஒரு பெருக்குகிறவள் வெட்டி வைத்திருக்கிறேன். கீழே மூன்றாவது கட்டம், அதற்குச் சாட்சி என்ன. ரெண்டு நிமிஷம் என்று சொன்னது என் வாய். பதிவேட்டில் நேரம் சரியாக இருக்கிறது, விசாரணையிலும் குற்றம் இல்லை என்றுதான் முடித்தார்கள், ஆனால் அந்த நேரத்தை எனக்காக மாற்றி எழுதியிருப்பார்கள், சிஸ்டர்களுக்கு என் மேல் பிரியம் அதிகம். அந்தக் கட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில் அச்சில் ஒரு வரி. சாட்சி என்பது கண்ணால் கண்டது, காதால் கேட்டது, மனதுக்குத் தோன்றுவது சாட்சி ஆகாது. இதை நான் ரெண்டு தடவை படித்தேன். பிறகு இன்னொரு தடவை. யார் எழுதியிருப்பார்கள் இப்படி ஒரு வரியை, எவ்வளவு சாதாரணமாகக் கிடக்கிறது தாளின் அடியில், இத்தனை வருஷமாக எனக்குள் யாரும் இதைக் கேட்டதில்லையே.

ஏனென்றால் எனக்குள் தினமும் ஒன்று நடக்கிறது, அதை நான் என் வீட்டுக்காரரிடம் கூடச் சொன்னதில்லை. 108 வண்டிச் சத்தம் கேட்டால் அது வைசாலிதான். என் மகள், ரெண்டரை வயசு, பால்வாடியில் விட்டுவிட்டு வருகிறேன், பால்வாடிக்குப் பின்னால் ஒரு தண்ணித் தொட்டி, மூடி இருக்கிறது, மூடி இல்லாத மாதிரிதான் எனக்குத் தெரியும். சத்தம் தூரத்தில் கேட்டதும் தொட்டி வரும், தொட்டிக்குள் மஞ்சள் கவுன் வரும், பிறகு நான் வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன், கதவைத் திறந்து இறக்குவார்கள், யாரோ ஒரு பெரியவர், பாம்பு கடித்தவர், குடித்துவிட்டு விழுந்தவர், வைசாலி இல்லை. அப்பா என்று மூச்சு விடுவேன், அடுத்த வண்டிக்கு மறுபடி தொட்டி. ஒரு தடவை அமலி அக்கா கேட்டாள், நீ என்ன ஒவ்வொரு பொணத்துக்கும் சொந்தக்காரியா என்று. இப்போது அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் எனக்கே கேட்டுப் பார்த்தேன், மெதுவாக, யாருக்கும் கேட்காமல், வாய்க்குள். நடந்தது, வண்டிச் சத்தம். உடனே வந்த நினைப்பு, வைசாலி. சாட்சி. கண்ணால் கண்டது. தேடினேன். ஒன்றும் இல்லை. தொட்டி மூடியைக் கண்ணால் கண்டிருக்கிறேன், அதன் மேல் கல் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன், நானே ஒரு நாள் தூக்கிப் பார்த்தேன், என்னால் தூக்க முடியவில்லை. தூக்க முடியவில்லை என்பது எனக்கு எத்தனையோ நாளாகத் தெரியும், ஆனால் அது சாட்சி என்று தெரியாது. ஒரு இருட்டு அறையில் கை சுவிட்சைத் தடவிப் போட்ட மாதிரி இருந்தது. இவ்வளவுதானா. இவ்வளவையும் டாக்டரம்மா தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டாங்களா, ஆறு வாரமாக, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், நான் தரை துடைக்கும்போது தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தது இதைத்தானா. நான் ஏதோ கணக்குப் பார்க்கிறாங்க என்று நினைத்தேன்.

நாலாவது கட்டம் இல்லை. சாட்சி கேட்ட தாள் எதிர்ச் சாட்சியும் கேட்டிருக்கும், கேட்டாக வேண்டும், அந்தக் கட்டம் மாத்திரை மடிக்கப் போய்விட்டது. அதில் என்ன எழுதியிருப்பாங்க என்று நினைக்கும்போதுதான் அது எனக்குள் வந்தது, வந்தது என்று சொல்லக் கூடாது, அது அங்கேயேதான் கிடந்தது, நான்தான் அதை வேறு பேரில் வைத்திருந்தேன். கோபம் என்ற பேரில். அன்றைக்கு, செண்பகம் அன்றைக்கு, காணொளி அறை வாசலிலிருந்து தியேட்டர் வாசல் வரைக்கும் நான் துடைத்து முடித்திருந்தேன். நீளமான வராண்டா, ஒரு வாளித் தண்ணி போதாது, ரெண்டு வாளி, கடைசிக் கதவு வரைக்கும் துடைத்து நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தரை கண்ணாடி மாதிரி, காயவில்லை. காணொளி அறைக்குள் செருப்போடு யாரும் போகக் கூடாது, கம்ப்யூட்டர் இருக்கிற அறை, எல்லோரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார்கள், டாக்டரம்மாவும். கதவு படாரென்று திறந்தது. அவங்க ஓடி வந்தாங்க. செருப்பு போடவில்லை, வெறும் காலோடு, சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, என் ஈரத் தரை மேலேயே, தியேட்டர் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்குள் போனாங்க. நான் முணுமுணுத்தேன். பிறகு குனிந்து பார்த்தேன், பாதம் பாதமாக, எவ்வளவு சின்னப் பாதம், பெரிய டாக்டரம்மாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை பாதம், சுண்டுவிரல் தரையில் படவே இல்லை, எல்லாப் பாதத்திலும் நாலு விரல்தான். எனக்கு அப்போது கோபம் போய் ஏதோ ஒரு மாதிரி ஆகிவிட்டது, சாமி பாதம் கோலமாகப் போடுவோமே அந்த மாதிரி ஒரு வியப்பு, ஆனால் அதற்குள் வார்டுப் பக்கத்திலிருந்து தள்ளுவண்டி வந்தது. செண்பகம் அதில். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்த வண்டிக்கு ஒரு சக்கரம் கோணல், நேராகப் போகாது, பாம்பு போன மாதிரி ஒரு கோடு விழும். அந்தக் கோணல் கோடு அம்மா பாதத்தின் மேலே விழுந்தது. குதிகாலைச் சரியாக ரெண்டாக வெட்டிக்கொண்டு போனது. பாதம் கீழே, சக்கரம் மேலே. நான் பார்த்தேன். கண்ணால் கண்டது.

யாரும் என்னிடம் கேட்கவில்லை. விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள், சிஸ்டர்களைக் கேட்டார்கள், வண்டி தள்ளினவரைக் கேட்டார்கள், என்னை அவர்கள் உட்காருகிற அறையில் நாற்காலி போடச் சொன்னார்கள், போட்டேன். துடைக்கிறவளைக் கேட்க என்ன இருக்கிறது. நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய ஒன்று என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு என் பேரைச் சொல்லவே வாய் வராது. அம்மா கை கழுவித் திரும்பிப் பார்க்கும்போது செண்பகம் மேஜையில் கிடந்திருப்பாள், அதனால்தான் அவங்க மனசுக்குள் அவள் முதலில், தான் பிறகு. ஆனால் தரையில் அப்படி இல்லை. தரையில் அவங்கதான் முதல். பிறகு நான் அந்தப் பாதங்களை அழித்தேன், ரெண்டாம் தடவை துடைக்க வேண்டியதாயிற்றே என்று. செருப்பை எடுத்து அவங்க அறையில் மேஜைக்கு அடியில் வைத்தேன். சாட்சியை நானே பினாயில் போட்டு அழித்திருக்கிறேன். அமலி அக்கா நேற்று சொன்னாள், டாக்டரம்மாவோட விருப்ப ஓய்வுக் கடிதம் அடித்தாயிற்று, கிளார்க்கே அடித்துக் கொடுத்தாராம், வெள்ளிக்கிழமை தபாலில் போகுதாம். நாளைக்கு வெள்ளி. எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது.

மருந்து கொடுக்கிற இடத்தில் வரிசையைத் தாண்டி உள்ளே போனால் கோவிந்தராசு அண்ணன் நிமிராமலே சொன்னார், காளி, இன்னிக்கு உன் பேப்பர் எல்லாம் ஒரே அளவா இருக்கு, கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம். நான் பச்சை எழுத்துப் போட்ட துண்டு ஒன்று வேண்டும் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன், அதுவும் கேட்கவில்லை, என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு நான் இதுவரை செய்யாததைச் செய்தேன், அவர் மடித்துத் தட்டில் அடுக்கி வைத்திருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஏத்தா ஏத்தா என்று என் கையைப் பிடிக்க வந்தார், பிடிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நீலம், நீலம், அச்சு, நீலம். தட்டில் இல்லை. அப்போதுதான் வரிசையிலிருந்து விலகி வாசலுக்குப் போகிற ஒரு பெண், ஏழு மாசம் இருக்கும், கையில் பொட்டலம், ஓரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. ஓடிப் போய் நின்றேன். அக்கா என்று சொன்னேன், அவள் என்னை விடச் சின்னவள். அந்தப் பேப்பர் வேணும், மாத்திரை வேண்டாம், பேப்பர் மட்டும். அவள் என்னையும் பொட்டலத்தையும் பார்த்தாள்.

“மாத்திரையத் திருப்பிக் கேட்டா அர்த்தம் இருக்கு. பேப்பரக் கேக்குறீங்களே, இதுல என்ன லாட்டரிச் சீட்டா இருக்கு?” என்றாள்.

என் முந்தானையில் சொருகி வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, சத்து மாத்திரை பதினைந்தையும் ஒன்று கூடக் கீழே விழாமல் அதில் மாற்றி மடித்துக் கொடுத்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, டீயோடு போடக் கூடாது என்றும் சொன்னேன், டாக்டரம்மா சொல்லிக் கேட்டது, இத்தனை நாள் கேட்டது எனக்குள் இருந்திருக்கிறது. அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் சுவரோரம் நின்று துண்டைப் பிரித்தேன். எதிர்ச் சாட்சி என்ன என்று அச்சில், கீழே பச்சையில் அவங்க எழுத்து. ஒன்றும் இல்லை. ஆறு வாரமாகத் தேடுகிறேன். வியாழன் வரை பார்ப்பேன், நிரம்பாவிட்டால் வெள்ளி காலை கடிதம். அதற்குக் கீழே முழுவதும் வெள்ளை, கோடு போட்ட வெள்ளை, ஒன்பது கோடு இருந்தது. இவ்வளவு பெரிய கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அவங்க அதைப் பெட்டிக்குள் போட்டிருக்காங்க. மறந்து போட்டாங்களா, வேண்டாம் என்று போட்டாங்களா. ஒரு பக்கம் எழுதியிருந்தால் மாத்திரைக்கு என்று கை பழகிப்போய் விழுந்ததா. அப்படி நினைக்கத்தான் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் அதற்குச் சாட்சி இல்லை.

டிரஸ்ஸிங் ரூமில் பிளாஸ்திரி ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். நாலு துண்டையும் சேர்த்துப் பின்பக்கம் ஒட்டினேன், நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று, காயத்துக்குப் போடுகிற மாதிரி. மணி பன்னிரண்டரை, வெளி நோயாளிகள் பார்த்து முடித்து அம்மா அறைக்குத் திரும்பியிருப்பாங்க. கதவுக்கு வெளியே நின்றேன். நடந்தது, கதவு. உடனே வந்த நினைப்பு, வேலை போய்விடும், படிக்கக் கூடாததைப் படித்தேன், வெட்டினேன், ஒப்பந்த ஆள்தானே, நாளைக்கு வராதே என்றால் வர முடியாது. சாட்சி. அவங்க யாரையும் அப்படி அனுப்பி நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கால் போகவில்லை. கண்டதில்லை என்று தெரிந்த பிறகும் பயம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான், எழுந்து போய்விடவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

அம்மா நிமிர்ந்தாங்க. டீ ஏடு படிந்து இருந்தது. மேஜையில் தாளை வைத்தேன். பிளாஸ்திரியைப் பார்த்தாங்க, பச்சை மையைப் பார்த்தாங்க. நான்தான் வெட்டினேன், கவிழ்த்து வைத்து வெட்டினேன், பிறகு படித்துவிட்டேன் என்று சொன்னேன், மூச்சு விடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு. திட்டுவாங்க என்று நின்றேன். திட்டு விழவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தரையைப் பற்றிச் சொல்வது சுலபமாக இருந்தது.

“சக்கரத்துக்கு அடியில உங்க பாதம் இருந்துச்சும்மா.”

என்ன என்றாங்க. சொன்னேன். ரெண்டு வாளித் தண்ணி, காயாத தரை, செருப்பில்லாத கால், கை கழுவுகிற அறைக் கதவு, அதற்குப் பிறகு வார்டுப் பக்கத்திலிருந்து வண்டி, கோணல் சக்கரம், குதிகால். நீங்க முதல்ல, வண்டி பிறகு. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு நான் யாரிடமும் பேசினதில்லை. அவங்க கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

“காளி, நீ பாத்தியா, இல்ல எனக்காகச் சொல்றியா?”

அந்தக் கேள்வி எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், மூன்றாவது கட்டத்திலிருந்து வருகிறது. எல்லோரும் அவங்க மேல் பிரியமாக இருந்ததுதான் அவங்களுக்கு வினையாகிப்போனது, பிரியம் இருக்கிறவர்கள் சொல்வதை எப்படி நம்புவது. என்ன சொல்ல. சாமி சத்தியம் என்று சொன்னால் அது சாட்சி ஆகாது. யோசித்தேன். பிறகு சொல்லக் கூடாத ஒன்றுதான் இருந்தது, அதைச் சொன்னேன்.

“எனக்கு உங்க மேல அன்னைக்குக் கோவம்மா. தொடச்சத மிதிச்சுட்டுப் போறாங்களேன்னு. திட்டிக்கிட்டேதான் திரும்பத் தொடச்சேன். உங்களுக்குச் சுண்டுவிரல் தரையில படாது, அது எனக்கு எப்பிடித் தெரியும்?”

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாங்க. செருப்பைக் கழற்றினாங்க, ஒரு காலில் மட்டும், தரையில் ஊன்றிப் பார்த்தாங்க. அவங்களுக்கே தெரியாது போலிருக்கிறது, ஐம்பத்தாறு வயசு வரை தன் காலைத் தானே பார்க்க நேரமில்லாத மனுசி. நாலு விரல் ஊன்றியது, ஐந்தாவது காற்றில் நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்தாங்க. செருப்பு என் மேஜைக்கடியில எப்பிடி வந்துச்சுன்னு நான் யோசிச்சதே இல்ல என்று சொன்னாங்க, என்னிடம் இல்லை, காலிடம். பிறகு தோள் ஆடியது. அழுகிறாங்களா சிரிக்கிறாங்களா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, திட்டிக்கிட்டே துடைச்சியா என்று ஒரு தடவை கேட்டாங்க, ஆமாம்மா என்றேன், அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது. செண்பகம் செத்ததை அது மாற்றாது, அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், செண்பகத்துக்கு ஒரு ஆண் பிள்ளை இருக்கிறது, அதன் ஆயுள் முழுக்க அம்மா இல்லாமல்தான் வளரும். அந்த வரி கட்டத்துக்குள் அடங்காது. ஆனால் தாமதம் என்ற ஒரு சொல் அடங்கும்.

தாளை என் பக்கம் திருப்பினாங்க. பச்சைப் பேனாவை மூடி கழற்றி நீட்டினாங்க. நீ கண்டத நீயே எழுது, நான் எழுதுனா மறுபடி நம்ப மாட்டேன் என்றாங்க. நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். பச்சையில் நான் எழுதலாமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மேஜை ஓரத்தில் நின்றபடியே எழுதினேன், பேனா வழுக்கியது, கூட்டிப் படிக்கிறவள் கூட்டித்தான் எழுத முடியும். தரை ஈரம். முதல் கோட்டில் அவ்வளவுதான் பிடித்தது. அம்மா பாதம் முதல் என்று ரெண்டாவது கோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் 108 சத்தம் கேட்டது. தொட்டி வந்தது. மஞ்சள் கவுன் வந்தது. அதே நேரம் மேஜை மேல் கவிழ்ந்திருந்த போன் அதிர்ந்தது, அம்மா தோள் மேலே ஏறினதை நான் பார்த்தேன், என் தோளும் ஏறியிருந்தது, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். மூடி மேல் கல் இருக்கிறது. என்னால் தூக்க முடியவில்லை. குனிந்து, வண்டி பிறகு என்று எழுதி முடித்து, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். அம்மா போனைத் திருப்பி, சொல்லுங்க என்றாங்க, சாதாரணமாக, வரச் சொல்லுங்க, தியேட்டர ரெடி பண்ணுங்க, நான் வர்றேன்.

எழுந்து போகும்போது மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாங்க. மடிக்காத தாள், கம்ப்யூட்டரில் அடித்தது, அடியில் கையெழுத்து போடுகிற இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை மேஜைக்குக் கீழே குனிந்து அட்டைப் பெட்டிக்குள் போட்டாங்க. பார்த்தேன், பின்பக்கம் சுத்த வெள்ளை.

“இத வெட்டலாமாம்மா?” என்றேன்.

“ஒரு பக்கம் வெள்ளையா இருக்குல்ல” என்று சொல்லிக்கொண்டே, மற்றக் கால் செருப்பையும் உதறிவிட்டு, அந்தப் பக்கம் நான் காலையில் துடைத்து இந்நேரம் காய்ந்துபோன வராண்டாவில் இறங்கி நடந்தாங்க.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பீரோ அறைக்கு வந்து உட்கார்ந்தேன். ஸ்கேலை எடுத்தேன். இந்தத் தடவை கவிழ்த்து வைக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்த பிறகுதான் பிளேடை வைத்தேன்.